பட்டியலில் இல்லாத பாட்டு

எங்கள் கடையின் இரும்புக் கதவை முக்கால்வாசி உயர்த்தியிருந்தேன். வலப்பக்கத் தண்டவாளம் வளைந்து போனதால் கடைசிக் கால்வாசிக்கு ஓர் உதை வேண்டும். அந்த உதையை முதலாளி நிஸாம் நானா வந்துதான் கொடுப்பார். அதுவரைக்கும் யார் வந்தாலும் குனிந்துதான் உள்ளே வரவேண்டும்.

அன்று முதலில் குனிந்து வந்தவர் சரோஜினி டீச்சரின் கணவர். தபால் கந்தோரில் வேலை செய்பவர். சட்டைப் பையில் பேனை மூடியில்லாமல் கிடந்து, மை வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், சொல்லவில்லை.

“டீச்சர செக் பொயின்டுல எறக்கிட்டாங்க,” என்றார். “இப்ப பொலிஸ்ல வச்சிருக்காங்க. நீங்க அடிச்சுக் குடுத்த கசட்டாலதான்.”

எந்தக் கசட் என்று நான் கேட்கவில்லை. அறுபது நிமிடக் கசட். பாடசாலைக் கலைவிழாவுக்குச் சிறுவர்கள் ஆடுவதற்கான பாட்டுகள். முதல் பக்கத்தில் ஆறு, மறுபக்கத்தில் ஐந்து. மறுபக்கத்தின் முடிவில் நாலரை நிமிடம் மிச்சம்.

அந்த நாலரை நிமிடத்தை நான் சும்மா விடவில்லை.

மிச்ச நிமிடங்கள்

இந்தப் பத்தியில் போன வாரம் எழுதியதைப் படித்த ஒரு வாசகி, தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படித்தவள் மாத்தளையில் ஒரு கசட் கடைக்கு ஏன் போனாள் என்று கேட்டிருக்கிறார். பதில் சின்னது. வேலை அங்கேதான் கிடைத்தது. விண்ணப்பம் போட்ட மற்ற ஐந்து இடங்களிலும் என் பெயரைப் படித்துவிட்டு, பிறகு அறிவிப்பதாகச் சொன்னார்கள். இன்னும் அறிவிக்கவில்லை.

இப்போது சீடியில் பாட்டுக் கேட்கும் பிள்ளைகளுக்கு ரெக்கோடிங் பார் என்றால் விளங்காது. ஆட்கள் வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். கடையில் இருக்கும் இசைத்தட்டுகளிலும் கசட்டுகளிலும் தேடி, அதே வரிசையில் ஒரு வெற்றுக் கசட்டில் நாங்கள் பதிந்து கொடுப்போம். கலியாண வீட்டுப் பட்டியல் வரும். பஸ் சாரதிகளின் பட்டியல் வரும். காதல் பட்டியலை யாருடைய கையெழுத்து என்று தெரியாமல் இருப்பதற்காக இடது கையால் எழுதியிருப்பார்கள். நான் டேப் டெக்கில் நாடா உரசும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, லெவல் ஊசி சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பதிவேன். பிறகு பாட்டின் பெயரையும் நிமிடத்தையும் விநாடியையும் அட்டையில் டைப் அடிப்பேன். விநாடி போடும் கடை அந்தத் தெருவில் எங்கள் கடை மட்டும்தான்.

பாட்டுகள் முப்பது நிமிடத்துக்குள் கணக்காக வந்து நிற்பதில்லை. ஆறு பாட்டு இருபத்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். ஏழாவதைப் போட்டால் பல்லவியோடு நாடா தீர்ந்துவிடும். மற்றக் கடைக்காரர்கள் அப்படித்தான் அறுத்துவிடுவார்கள். எனக்குப் பாதியில் அறும் பாட்டும் பிடிக்காது, சும்மா இரையும் நாடாவும் பிடிக்காது. அதனால் அந்த இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு பாட்டை, யாரும் கேள்விப்படாத ஓர் இசைக்குழுவின் பாட்டை, நானாகப் போடத் தொடங்கினேன்.

என் நோட்டில் குழுக்களைப் பாட்டின் நீளத்தின்படி எழுதி வைத்திருந்தேன். இரண்டு நிமிடத்துக்குள் அடங்குபவை, மூன்றுக்குள் அடங்குபவை, ஐந்துக்குள் அடங்குபவை. அடங்காதவை என்று நாலாவது பக்கமும் இருந்தது. அதில்தான் மிக நல்லவை இருந்தன.

முதலில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நாவுல ஊருக்குப் போகும் பஸ்ஸின் சாரதி ஒருவர், என்ஜினை நிறுத்தாமலே கடைக்குள் எட்டிப் பார்த்து, “கடைசில கத்துற பொண்ணுங்க யாருங்க?” என்று கேட்டார். நான் ஒரு தாளில் மூன்று குழுக்களின் பெயரை எழுதிக் கொடுத்தேன். ஒன்றரை வருடத்தில் அப்படி முப்பத்தேழு பேர் திரும்பி வந்து கேட்டார்கள். அவர்களுடைய பெயரையும், என்ன கேட்டார்கள், அடுத்து என்ன கொடுக்கலாம் என்பதையும் நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதி வந்தேன்.

‘நாளை கடை பூட்டு’

அந்தக் குழுக்களை எங்கே பிடித்தாய் என்று எல்லோரும் கேட்பார்கள். தபாலில்தான்.

சித்தப்பாவின் மகள் வனிதா அக்கா ஜேர்மனியில் ஒரு சின்ன நகரத்தில் இருந்தார். அந்தக் காலத்தில் நம் வீடுகளுக்குக் கடிதத்தைவிடக் கசட்தான் வரும். பேசிப் பதிந்து அனுப்புவார்கள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்பார். வனிதா அக்கா ஒரு பக்கத்தில் சுகம் விசாரித்து, குளிரைத் திட்டி, எல்லோருடைய கலியாணத்தைப் பற்றியும் பேசி முடித்துவிடுவார். மறுபக்கத்தில் எனக்கென்று பாட்டுப் பதிந்து அனுப்புவார். அவர் கோப்பை கழுவிய சாப்பாட்டுக் கடைக்கு அடுத்த கட்டடத்தின் நிலவறையில் சனிக்கிழமைகளில் சின்னச் சின்ன ரொக் குழுக்கள் வாசிக்குமாம். அவர் ஓய்வு நேரத்தில் போய் நிற்பார். கைப்பையில் டேப் ரெக்கோடர் ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் கசட்டில் இருந்தவர்கள் மூன்று பெண்கள். குழுவின் பெயருக்கு ‘நாளை கடை பூட்டு’ என்று அர்த்தம் என வனிதா அக்கா இடையில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். கிற்றார் ஒன்று, பேஸ் ஒன்று, ட்ரம்ஸ் ஒன்று. பாடிய பெண்ணுக்குத் தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருந்தது என்று நினைக்கிறேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. ஏழு தடவை கேட்டேன். யாரிடமும் அனுமதி கேட்காமல் பாடுகிறார்கள் என்பது மட்டும் விளங்கியது. எனக்கு அது போதும்.

பிறகு பக்கத்திலும் தேடினேன். உக்குவளையில் ‘கஹ குடய’, அதாவது மஞ்சள் குடை என்று ஒரு சிங்களக் குழு இருந்தது. அரிசி ஆலைக்குப் பின்னால் வாசித்துப் பழகுவார்கள். அவர்கள் ட்ரம்ஸ் தப்பினால் ஆலையின் சத்தம் வந்து தாளத்தைப் பிடித்துக் கொடுக்கும்.

இதெல்லாம் இந்த நேரத்தில் எதற்கு என்று கேட்காத ஆள் கிடையாது. வடக்கே சண்டை, வழியெல்லாம் சோதனை, வீட்டுக்கு வீடு கவலை. உனக்குக் கிற்றாரா என்பார்கள். இந்த நேரம் முடியட்டும் என்று காத்திருந்தால் எனக்கு முப்பது வயதாகிவிடும் என்று அப்போது பதில் சொன்னேன். இப்போது முப்பது ஆகிவிட்டது. நேரம் இன்னும் முடியவில்லை.

தேயிலைப் பெட்டி

ஒரு சனிக்கிழமை, யோகேஸ்வரி என்றொருத்தி எரிந்துபோன ஒரு அம்பிளிபயரைச் சாக்கில் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தில் வேலை. தாய்மார் கொழுந்து எடுக்கப் போனால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. அம்பிளிபயர் கோயிலுக்குச் சொந்தமானது. எங்கே எரிந்தது என்று திறந்து பார்த்தேன். கோயில் பாட்டுக்கு அப்படி எரியாது.

“இதுல என்னத்த வாசிச்சீங்க?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் என்னை அளந்து பார்த்தாள். “கிற்றாரு,” என்றாள். “சாமி கோவிச்சுக்கல்ல. தோட்டத் தலைவருதான் கோவிச்சுக்கிட்டாரு.”

அவர்கள் நாலு பேர். யோகேஸ்வரி பாடுவாள். இரண்டு பேர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள், ஆளுக்கொரு கிற்றார். ஒன்றில் கம்பி நாலுதான் இருந்தது. நாலாமவர் லொறிக்குச் சாமான் ஏற்றுபவர். தேயிலைப் பெட்டியையும் எண்ணெய் டின்னையும் சேர்த்து ட்ரம்ஸ் ஆக்கியிருந்தார். குழுவுக்கு ‘ஈரப் படங்கு’ என்று பெயர். கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் சாக்குத்தான் படங்கு. மழைக் காலத்தில் அது காய்வதே இல்லை.

அடுத்த ஞாயிறு பின்னேரம் இரண்டு மைக்கோடு போனேன். பூட்டிக் கிடந்த கூட்டுறவுக் கடைக்குள் பதிந்தோம். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழும் மழைச் சத்தம் நிற்கும்வரை காத்திருப்போம் என்றேன். யோகேஸ்வரி வேண்டாம் என்றாள். பாட்டின் பெயரே ‘தகரம்’தானே என்றாள்.

*மேல தகரம் கீழ ஈரம்*
*நடுவுல நாங்க நாலு தலமொற*
*எண்ணிப் பாரு எண்ணிப் பாரு*
*எண்ணிப் பாரு எண்ணிப் பாரு*
*ஓட்டைய மட்டும் எண்ணிப் பாரு*

இதற்குப் பிறகு எட்டு வரி உண்டு. நாலு நிமிடம் இருபது விநாடி. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில் ஒழுகும் ஒரு லயக் காம்பராவின் கூரையைப் பற்றிய பாட்டு. வேறொன்றும் இல்லை. அவள் பாடியபோது ஊசி மூன்று தடவை சிவப்புக்குள் போனது. நான் குறைக்கவில்லை. நான் கேட்டதிலேயே மிகச் சிறந்த ரொக் பாட்டு அது என்று அன்று நோட்டில் எழுதினேன். இன்றும் மாற்றவில்லை.

என் பிழை

இங்கேதான் என் பிழையைச் சொல்ல வேண்டும்.

தொடக்கத்தில், கடைசியில் சேர்த்த பாட்டின் பெயரையும் அட்டையில் அடித்தேன். ஒரு வாடிக்கையாளர் அட்டையைப் பார்த்தவுடன், அந்த இரும்புச் சத்தத்தை அழித்துத் தரச் சொன்னார். கேட்கக்கூட இல்லை. இன்னொருவர் பெயரைப் படித்துச் சிரித்துவிட்டு அதே மாதிரி சொன்னார். பெயரைப் பார்த்தால் கேட்க மாட்டார்கள், தெரியாமல் காதில் விழுந்தால் கேட்பார்கள் என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து அந்தக் கடைசி வரியை அடிப்பதை விட்டுவிட்டேன்.

விநாடி வரைக்கும் எழுதும் நான், ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வரியை வேண்டுமென்றே மறைத்தேன்.

சரோஜினி டீச்சர் கசட்டைக் கடைசிவரை போட்டுப் பார்த்திருக்கவில்லை. மாத்தளையிலிருந்து நாவுலவுக்கு அப்பால் இருக்கும் பாடசாலைக்குத் தினமும் பஸ்ஸில் போகிறவர். அன்று ஒத்திகைக்காக டேப் ரெக்கோடரையும் கொண்டு போனார். நாலந்தாவைத் தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். டேப்பைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். சிறுவர் பாட்டுகளை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். அட்டையில் இருந்த கடைசிப் பாட்டும் முடிந்தது. பிறகு மழைச் சத்தம். பிறகு யோகேஸ்வரி.

இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்றிருக்கிறார் டீச்சர். யார் பாடுவது? தெரியாது. உங்கள் கசட்டில் உங்களுக்குத் தெரியாமல் எப்படி வந்தது? அதுவும் தெரியாது.

அத்தனையும் உண்மை. அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் செக் பொயின்டில் நின்று மூன்று முறை தெரியாது என்று சொன்னால் என்ன நடக்கும் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு பேர்

நிஸாம் நானா வந்து, கதவுக்கு உதை கொடுக்காமலே குனிந்து உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துப் போனது. பழைய நாடா, முன்பு யாரோ பதிந்தது சரியாக அழியவில்லை, கடைக்கு ஒன்றும் தெரியாது என்று டீச்சரின் கணவரைப் போய்ச் சொல்லச் சொன்னார். நானா கெட்ட மனிதர் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு கடையும் உள்ள மனிதர்.

அப்படிச் சொன்னால் பழைய நாடா யாருடையது என்று டீச்சரிடம்தான் கேட்பார்கள் என்றேன். அவர் மேலும் ஒரு தெரியாது சொல்ல வேண்டிவரும்.

“நீ போனா ஒன்னயும் வச்சிக்குவாங்க, தங்கச்சி.”

“வச்சிக்கட்டும். அவங்க தெரியாதுன்னு சொல்றதெல்லாம் எனக்குத் தெரியும்.”

நோட்டை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். அப்பா வேலை செய்த அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு ஓடினேன். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, இருபத்தைந்து வருடமாக மாத்தளையில் குமாஸ்தா. நான் சொன்னதைக் கேட்டு முடித்ததும் குடையை எடுத்தார்.

“வெளிக்கிடு. நானும் வாறன்,” என்றார். பஸ் ஏறினோம்.

பொலிஸ் நிலையத்தில் டீச்சர் ஒரு மர வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் பை. என்னைப் பார்த்தார், உடனே சுவரைப் பார்த்தார். அதிகாரியின் மேசையில் டேப் ரெக்கோடர் இருந்தது. எல்லாம் சிங்களத்தில் நடந்தது. பதிந்தது நான்தான் என்றேன். அதிகாரி அட்டையை எடுத்துக் காட்டி, இவ்வளவு ஒழுங்காக டைப் அடிக்கிறவள் ஒரு பாட்டை எப்படி மறந்தாய் என்று கேட்டார். மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டேன் என்றேன். பக்கத்தில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

ஏன் விட்டாய் என்றார். எழுதினால் கேட்க மாட்டார்கள் என்றேன். அப்படியானால் வேண்டாம் என்கிறவர்களின் காதில் ஒளித்துவைத்துப் போடுகிறாயா என்றார். யோசித்துப் பார்த்தேன். ஆம் என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை.

பாட்டை மொழிபெயர்க்கச் சொன்னார். பதின்மூன்று வரிக்கும் இலக்கம் போட்டுச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தேன். டீச்சர் காலையிலேயே வாயால் மொழிபெயர்த்துச் சொன்னது அதிகாரியின் பக்கத்தில் குறித்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டார். தகரமா என்று கேட்டார். தகரம்தான் என்றேன். ஒரு கூரைக்கு இவ்வளவு கத்துவார்களா என்றார். மெதுவாகவும் சொல்லிப் பார்த்தவர்கள்தான், மனு எழுதியும் கொடுத்தவர்கள்தான், இது அதற்கு அடுத்தது என்றேன்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். பாடியவர்களின் பெயரும் இடமும், இந்தப் பாட்டை வேறு யார் யாருக்குக் கொடுத்தாய் என்பதும் வரிசையாக எழுது என்றார்.

பாடிய நாலு பேரையும் எனக்குத் தெரியும். கேட்டு வந்த முப்பத்தேழு பேரின் பெயர் எனக்கு வந்த ஒழுங்கிலேயே மனப்பாடம். நாவுல சாரதி முதலாவது. அலுவிகாரையில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா பதினொன்றாவது. இடது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு வலது கையால் எழுதினேன்.

ஒரு பெயர் எழுதினேன். என் முழுப் பெயர். கீழே விலாசம், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து.

அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். இந்தப் பாட்டை நாடாவில் ஏற்றியது ஒரு ஆள்தான், அந்த ஆள் இங்கே இருக்கிறேன் என்றேன். அப்படியானால் நீயும் இங்கேயே இரு என்றார். சரி என்று சொல்லி, போய் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீச்சர் மடியில் இருந்த பையை எனக்கு எட்டாத பக்கமாக நகர்த்தினார்.

டீச்சரை விட்டது என்னால் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். அவருடைய பாடசாலை அதிபர் மோட்டார் சைக்கிளில், கலைவிழா நிகழ்ச்சி நிரலையும் வரவுப் பதிவேட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். டீச்சருக்காகக் கையெழுத்து வைத்தார். யோசித்துவிட்டு எனக்காகவும் ஒன்று வைத்தார். நான் யார் என்று அவர் கேட்கவே இல்லை. பின்னேரம் எங்களை விட்டார்கள். கசட்டைத் தரவில்லை. ஒரு மாதத்துக்குத் திங்கட்கிழமைதோறும் நான் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா வாயைத் திறந்தார். “அந்தப் பாட்டை வீட்டை ஒருக்காப் போடு பிள்ளை. எதுக்காக நான் அங்க நாலு மணித்தியாலம் இருந்தனான் எண்டு எனக்குத் தெரியவேணும்.”

போட்டேன். முழுவதும் கேட்டார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை.

நாலு ஓட்டை

நிஸாம் நானா இரண்டு கட்டளை போட்டார். நோட்டை எரி. இனி மிச்ச நிமிடத்தில் ஒன்றும் போடாதே.

முதல் கட்டளையில் பாதியைச் செய்தேன். பின்பக்கத்திலிருந்து எழுதிய ஆட்களின் பெயர்களைக் கிழித்து, கடைக்குப் பின்னால் ஒரு டின்னில் எரித்தேன். முன்பக்கத்துக் குழுக்களின் பெயர்களை எரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு எல்கடுவைக்குப் போய் யோகேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொலிஸுக்குப் பயப்படுவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க பேர ஏன் போடல?”

எழுதினால் கேட்க மாட்டார்கள் என்ற காரணத்தை அவளிடமும் சொன்னேன். அதிகாரியிடம் சொல்லும்போது நியாயமாக இருந்தது. அவளிடம் சொல்லும்போது இல்லை.

“பாட்டு வேணும், பேரு மட்டும் கூச்சமா இருக்கு ஒங்களுக்கு,” என்றாள். “பேரு இருந்திருந்தா டீச்சர் படிச்சுச் சொல்லிருப்பாங்க. ஈரப் படங்குன்னு ஒரு செட்டு, எல்கடுவயில இருக்காங்கன்னு. அவங்கள தெரியாதுன்னு சொல்ல வச்சது நீங்கதான், மிஸ்.”

“பேரு போட்டா இங்க வந்து கேப்பாங்க.”

“வரட்டுங்க. நாங்க பாடுனது எங்க கூரய. வந்து மேல பாக்கட்டும்.”

மற்ற மூவரையும் கூப்பிட்டுக் கேட்டாள். லொறிக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவரும் தலையாட்டினார்.

மூன்று வாரம் கழித்துச் சரோஜினி டீச்சர் கடைக்கு வந்தார். குனிந்து வரவில்லை, கதவு முழுவதும் திறந்த பிறகு வந்தார்.

“நீ செஞ்சது பிழை. நான் அத மறக்கப் போறதில்ல,” என்றார். நான் ஆம் என்றேன். “அது ஒரு பக்கம். அன்னைக்கு அந்த மனுசன் எனக்கு அந்தப் பாட்ட பதினோரு தடவ போட்டுக் காட்டுனாரு. ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டாரு. பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓட்டைன்னு வர்றதுக்கு முன்னாடியே ‘எண்ணிப் பாரு’ நாலு தடவ வருது. ரெண்டு போதும். அவங்ககிட்ட சொல்லு.”

தமிழ் டீச்சர். சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. நான் போய் யோகேஸ்வரியிடம் சொன்னேன். அவள் பிள்ளை மடுவத்துக் குழந்தை ஒன்றுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டே, தங்கள் காம்பராவில் ஓட்டை நாலு இருக்கிறது, இரண்டு தடவை பாடினால் மற்ற இரண்டையும் யார் எண்ணுவது என்றாள். பாட்டு மாறவில்லை. பதிலைக் கொண்டுபோய்ச் சொன்னபோது டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் மறுபடி வாதாடவும் இல்லை.

கண்ணாடி

இரண்டாவது கட்டளையை மீறவில்லை. மிச்ச நிமிடத்தில் எதையும் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டியது கேட்கிறவர்களின் பெயரை; பாடுகிறவர்களின் பெயரை அல்ல. நான் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை, பொலிஸில் கையெழுத்து வைத்துவிட்டு வந்து, ஒரு முழுத் தாளில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் டைப் அடித்தேன். தலைப்பு: ‘இவர்களைக் கேட்டுப் பாருங்கள்’. ஏழு குழுக்கள். குழுவின் பெயர், ஊர், பாட்டு, நிமிடம், விநாடி. முதலில் ஈரப் படங்கு, எல்கடுவை. அடுத்தது கஹ குடய, உக்குவளை. நாளை கடை பூட்டு மூன்றாவது. தாளின் அடியில் என் பெயர். வேண்டுகிறவர்கள் கேட்டு வாங்கலாம் என்று ஒரு வரி. கடையின் முன்கண்ணாடியில், தெருப்பக்கம், பசை போட்டு ஒட்டினேன்.

நிஸாம் நானா வெளியே நின்று முழுவதையும் வாசித்தார். வாசித்து முடித்ததும், இது என் கண்ணாடி என்றார். ஆம் என்றேன். கழற்று என்றார். கழற்றினால் நானும் போகிறேன் என்றேன். குரலை உயர்த்தவில்லை. அந்த ஊரில் ஹெட்டை நேராக்கத் தெரிந்த வேறு ஆள் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அஸர் தொழுகைக்குப் பிறகு பேசுவோம் என்று பள்ளிவாசலுக்குப் போனார். வந்து பேசவில்லை.

அன்று பின்னேரமே யாரோ பாதியைக் கிழித்துவிட்டார்கள். மறுநாள் அடித்து ஒட்டினேன். அடுத்த வாரம் முழுவதும் கிழிந்தது. ஒட்டினேன். அதற்கு அடுத்த வாரம் வெற்றிலைச் சாறு துப்பியிருந்தது. கண்ணாடியைக் கழுவிவிட்டு ஒட்டினேன். இடையில் இரண்டு பேர் உள்ளே வந்து, நாலு நிமிடம் இருபது விநாடிப் பாட்டைக் கேட்டார்கள். அவர்களின் பெயரை நான் கேட்கவில்லை.

நாலாவது வாரம் தாளும் பசைக் கிண்ணமுமாக வெளியே இறங்கப் போனேன். நிஸாம் நானா கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருந்த வெற்றுக் கசட்டுகளை எல்லாம் தரையில் இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி உள்ளேயிருந்து முழுவதும் வெறுமையாக இருந்தது. ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தார்.

“உள்பக்கமா ஒட்டு தங்கச்சி,” என்றார், என்னைப் பார்க்காமல். “வெளிய நின்டு வாசிக்க ஏலும். கிழிக்க ஏலாதே.”

பசையை முதன்முறையாக எழுத்து இருந்த பக்கத்தில், நாலு மூலையிலும் தடவினேன். அவர் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.